அடைக்கலமும் அடிமனையும்

கடாரம் என்னுஞ் சொல் செவியில் விழுந்த மாத்திரத்தே நம்மவர் மார்பு நிமிர்கின்றது. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் மரக்கலஞ் செலுத்திக் கடாரத்தை வென்றதும், கடாரங்கொண்டான் எனப் பட்டம் புனைந்ததும், அவ்வெற்றி தஞ்சைப் பெரிய கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டதும் நம் மேடைகளில் ஓயாது முழங்கப்படுவன. சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் அலோர் ஸ்டாரிலும் நடைபெறும் தமிழ் விழாக்களில் இதனைத் தொடாது அமரும் பேச்சாளர் அரியர். கொண்ட கதையை இத்துணை ஆர்வத்தோடு பேசும் நாம், கொடுத்த கதையைப் பேசக் காணோம்.

கெடா மண்ணுக்குக் கொடுத்த கதையும் உண்டு. உயிருக்கஞ்சி ஓடிவந்தோர்க்கு ஒதுங்க இடங்கொடுத்த கதை அது. அதில் மன்னரும் வருவர், பாதிரிமாரும் வருவர், ஆயினும் அதன் மெய்யான பாத்திரங்கள் ஏட்டிற் பெயரேறாத ஏழைக் குடும்பங்களே. அக்கதையை முதலிலிருந்து நோக்கி, அடைக்கலம் பெற்றவர்க்கு அவ்வடைக்கலம் எத்துணைக் காலம் நிலைத்தது என்று கணக்கிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இக்கணக்கு நம் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று என்பது போகப் போகத் தெளிவாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பர்மியருக்கும் சயாமியருக்கும் மூண்ட பெரும்போரில், 1767ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சயாமின் தலைநகராகிய அயுத்தியா வீழ்ந்தது. தக்சின் என்னும் படைத்தலைவர் பர்மியரைத் துரத்தித் தொன்புரியில் புதிய அரசை நிறுவினார். அரசாங்க ஊழியர் ஒவ்வொருவரும் மந்திரித்த நீரைப் பருகி மன்னனுக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்தல் அந்நாட்டு வழக்கம். கத்தோலிக்கராகிய ஊழியர் சிலர் 1775இல் இதற்கு உடன்படாது, தம் சமய முறைப்படியே பிரமாணஞ் செய்வோம் என்றனர். அதன் பயனாக அவர்களும் அவர்தம் மேற்றிராணியாரும் குருமாரும் சிறையும் கசையடியும் பெற்றனர். 1779இல் குருமார் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டனர். அவருள் ஒருவர் அர்நோ அந்துவான் கார்னோ என்னும் பிரெஞ்சுக்காரர்.

நாடு கடத்தப்பட்ட கார்னோ பாதிரியார் 1780களின் தொடக்கத்திற் கோல கெடாவை வந்தடைந்தார். போர்த்துகீசியரும் சயாமியரும் கலந்த வமிசத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில அத்துறைமுகத்தை அண்டிப் பிழைத்து வந்தன. ஒருபுறம் பர்மியர் படை, மறுபுறம் சயாம் அரசனின் சினம். இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுத் தெற்கே தப்பி வந்தோர் அவர்கள். கெடாவை அந்நாளில் ஆண்டவர் சுல்தான் அப்துல்லா முக்கர்ரம் ஷா. இஸ்லாமிய மன்னரின் நிழலில் கிறிஸ்தவ அகதிகள் கூடி வழிபட்டு வாழ்ந்தனர். சுல்தான் வெறும் இரக்கத்தாலேயே இடமளித்தார் என்று நாம் புகழ் பாட வேண்டுவதில்லை. பன்மொழி பேசவும் கப்பல் வணிகஞ் செய்யவும் வல்ல குடிகள் தம் துறைமுகத்தில் இருப்பது ஆதாயம் என்பதை அவரும் அறிந்திருப்பார். ஆதாயம் கருதிய அடைக்கலமாயினும் அஃது அடைக்கலமே. பசித்தவனுக்கு அன்னமிட்டவனின் உள்நோக்கத்தை ஆராய்வதற்கு முன் அன்னம் இடப்பட்டதா என்று பார்ப்பது நியாயம்.

1786ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் இறங்கி, ஆகஸ்டு 11ஆம் நாள் கொடியேற்றினார். சில தினங்களுக்குள், தேவமாதாவின் ஆரோபணத் திருநாளையொட்டி, கோல கெடாக் கத்தோலிக்கர் கார்னோவுடன் கடலைத் தாண்டிப் பினாங்கு சென்றனர். அதனாலேயே அவர்கள் எழுப்பிய கோயிலுக்கு அத்திருநாளின் பெயர் வழங்கலாயிற்று. இன்று ஜார்ஜ் டவுனில் நிற்கும் அக்கோயிற் கட்டடம் 1860களின் தொடக்கத்தில் உருவாயது. 1955இல் பினாங்கு மறைமாவட்டம் அமைந்தபோது அது பேராலயமும் ஆயிற்று. படகில் வந்த அகதிக் கூட்டமொன்றே அதன் முதற் சபை என்பதை அவ்வழியே நடப்போருள் எத்தனை பேர் அறிவர்?

வந்து சேர்ந்த அக்கூட்டம் தன் வயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டதா என்றால் அதுவுமன்று. அந்தச் சபையை அடுத்து எழுந்த சிறு பள்ளிக்கூடமே 1852இல் லசால் சகோதரர்களிடம் ஒப்புவிக்கப்பட்டு, செயின்ட் சேவியர்ஸ் கல்விக்கூடமாக வளர்ந்தது. சீனர், தமிழர், மலாய்க்காரர், யூரேசியர் எனப் பல குலத்துப் பிள்ளைகளும் அங்குக் கற்றுத் தேர்ந்தனர். அகதி என்றால் நாட்டுக்குப் பாரம் என்று சொல்லித் திரிவோர் இதனைச் சற்றே கருதுவாராக.

இதே பர்மியப் போர் தமிழ்க் கரையிலும் ஓர் அடையாளத்தை விட்டுச் சென்றது. 1665இல் அயுத்தியாவில் தொடங்கப்பட்ட பொதுக் குருமடம் போரினால் இடம்பெயர்ந்து, ஹாத்தியேன் அருகிலுள்ள ஹோன்தாத் என்னும் ஊரிற் சில காலம் தங்கியது. அங்கும் 1769இல் தாக்குதலுக்கு ஆளாகி, மலாக்கா வழியாக 1770இல் புதுச்சேரியை அடைந்தது. அதற்குக் கிடைத்த இடம் யாது? புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டுக்கு அண்மையிலுள்ள வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர். 1782 வரை அக்குருமடம் அவ்வூரில் இருந்தது. பின்னர் மூடப்பட்டு, 1808இல் பினாங்கில் மீண்டுந் திறக்கப்பட்டது. சீனத்திலிருந்தும் ஆனாமிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்து தமிழ் அறியாதிருந்த மாணாக்கர்க்கு, தமிழ் மீனவரின் கடற்கரை பன்னிரண்டாண்டுக் காலம் வீடாயிற்று. சோழனின் படை தமிழ்க் கரையினின்று கடாரத்துக்குச் சென்றதை நாம் அறிவோம். கீழ்க்கடல் நாடுகளினின்று அகதிகள் தமிழ்க் கரையை நாடி வந்ததும், அங்குத் தங்கி, பின் பினாங்கிலே நிலைபெற்றதும் அதே அளவுக்கு நமக்குரிய வரலாறுதான்.

போர் ஓய்ந்த பாடில்லை. 1809 முதல் பர்மியர் மீண்டும் படையெடுத்து, இந்நாளிற் புக்கெட் என வழங்கும் ஜங் சிலோன் தீவைச் சூறையாடினர். அங்கு வாழ்ந்த யூரேசியக் கத்தோலிக்கரை ஜான் பாஸ்குவல் பாதிரியார் 1811இல் பினாங்குக்கு அழைத்து வந்தார். புலாவ் தீக்குஸ் என்னும் பகுதியில் அமலோற்பவ மாதா கோயில் எழுந்தது. கோயிலைச் சுற்றி அத்தாப்புக் குடிசைகள் எழுந்தன. அந்தக் குடியிருப்புக்குக் கம்போங் செரானி என்ற பெயர் ஏற்பட்டது. செரானி என்பது கிறிஸ்தவரைக் குறிக்கும் மலாய் வழக்கு. இவ்வூரின் பின்கதையைச் சற்றுப் பொறுத்துக் கூறுவோம்.

அடைக்கலங் கொடுத்த கெடாவின் நிலை என்னாயிற்று? 1821ஆம் ஆண்டு நவம்பர் மாதம் லிகோர் அரசனின் தலைமையிற் சயாமியப் படை கெடாவைத் தாக்கியது. சுல்தான் அகமது தாஜுடின் தப்பியோடிப் பினாங்கில் ஆங்கிலேயரிடம் புகலடைந்தார். அவர் யார்? கோல கெடாவில் கத்தோலிக்கர் ஒதுங்கி வாழ்ந்த காலத்தில் ஆண்ட சுல்தானின் மைந்தரே. குடிமக்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து செபராங் பிறையிற் குவிந்தனர். காடு வெட்டி வயலாக்கி நெல் விளைத்தனர். நேற்று வரை வந்தோர்க்கு வாயில் திறந்த நாடு, இன்று பிறர் வாயிலில் நின்றது.

இங்கு நாம் ஊன்றிக் காண வேண்டுவது ஒன்றுண்டு. சுல்தானை ஒப்படைக்கும்படி சயாம் கேட்டபோது, பினாங்கு ஆளுநர் பிலிப்ஸ் மறுத்து நின்றார். அது புகழத்தக்கதே. ஆனால் ஐந்தாண்டுகள் கழித்து, 1826இல், பர்னி என்னும் தூதர் சயாமியரோடு உடன்படிக்கை செய்தார். கெடா சயாமின் கையிலேயே இருக்கலாம் என்றும், சுல்தான் பினாங்கிலும் பிறையிலும் வசிக்க ஆங்கிலேயர் இடங்கொடார் என்றும் அதில் எழுதப்பட்டது. பின்னர்ச் சுல்தான் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். 1842இலேதான் அவர் கெடாவுக்கு மீண்டார். மன்னனாய்ப் பிறந்தவனுக்கே இந்தக் கதி. ஒருவரது மனமுவந்து அளிக்கப்பட்ட புகலிடம், மற்றொருவரது கையொப்பத்தால் எடுபட்டுப் போயிற்று. தயவினால் வந்தது தயவு தீர்ந்தவுடன் போகும். உரிமையாக எழுதப்பட்டதை எடுப்பது அத்துணை எளிதன்று.

இனிக் கம்போங் செரானிக்கு மீள்வோம். ஜங் சிலோன் அகதிகளின் சந்ததியார் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். வீடு அவரவருடையது; அடிமனையோ சட்டப்படி கோயிலின் பெயரில் இருந்தது. ஆண்டுகள் சென்றன. புலாவ் தீக்குஸ் செல்வர் வாழும் பகுதியாக மாறிற்று; மண் பொன் விலை விற்றது. நிலத்தைக் கட்டட முதலாளிகளைக் கொண்டு அபிவிருத்தி செய்யக் கோயில் நிருவாகம் முற்பட்டது. எம் முன்னோர் பொருட்டே இந்நிலம் கோயிலின் பாதுகாப்பில் இருந்தது என்று குடிகள் வழக்காடினர், கிளர்ச்சியும் செய்தனர். 1990களின் முற்பகுதியில் அவர்கள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிந்தன, அவ்விடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. பர்மியப் படைக்குத் தப்பிய குடிகளின் பேரப்பிள்ளைகள், தம் பாட்டனார் கட்டிய கோயிலின் நிலத்திலிருந்தே அகற்றப்பட்டனர்.

கோயிலை நிந்திப்பதற்காக இதனை எடுத்துரைக்கவில்லை. 1811இல் இடங்கொடுத்தோர் நல்லவரே. அவர்தம் நன்மை காகிதத்தில் ஏறவில்லை, அதுவே குறை. அடைக்கலங் கொடுத்த தலைமுறைக்கும் அதனை நினைவிற் கொண்ட தலைமுறைக்கும் பின், கணக்குப் பார்க்கும் தலைமுறையொன்று வரும். அத்தலைமுறையின் முன் நிற்பதற்குப் பத்திரம் ஒன்று வேண்டும்.

தோட்டத்துச் சகோதரர்களே! இக்கதை நம் வீட்டுக் கதை போலத் தோன்றவில்லையா? நாமோ தோட்ட ஆபீசிற் செக்ரோல் எழுதும் கிராணி வர்க்கத்தினர். அந்தப் புத்தகத்தின் இயல்பை நன்கறிவோம். செக்ரோலிற் பெயர் உள்ள வரையில் லயத்தில் வீடு உண்டு, தண்ணீர் உண்டு, பிள்ளைக்குத் தோட்டப் பள்ளி உண்டு. பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தால், மூன்று தலைமுறையாக அடுப்பெரிந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். காடழித்து ரப்பர் நட்டவன் பேரனுக்கும் அடிமனை இல்லை. இதனைச் சட்டம் என்று சொல்லிக் கோடு கிழிப்பவர் பலர். அந்தப் பேனாவைப் பிடித்திருக்கும் நம்மினத்தார் இதனை மறவாதிருத்தல் நன்று.

1950களிலும் 1960களிலும் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றுக் கப்பலேறியபோது, வாங்கியவர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிலைக்கு விற்றனர். துண்டான தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையுமில்லை, வீடுமில்லை. அயல்நாட்டுப் படை எதுவும் வாராமலே நம்மவர் அகதிகளாயினர். அந்நிலையில் துன் வீ. தி. சம்பந்தன் முதலியோர் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளி வீதம் தோட்டத் தொழிலாளர் செலுத்தினர். அச்சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் எங்குள்ளது? நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டமே அது. பிறர் இரக்கத்துக்குக் காத்திராமல் பத்து வெள்ளியாகச் சேர்த்து நிலத்தைப் பத்திரத்தோடு வாங்கிய அச்செயல், கடாரங்கொண்ட செயலினும் நமக்கு நெருங்கிய பெருமையன்றோ?

நிலத்துக்குப் பத்திரம்போல் ஆளுக்கும் பத்திரம் வேண்டியிருந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையில்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தோர் கலங்கினர். பால்மரமன்றி வேறறியாத பல்லாயிரவர் மூட்டை கட்டி, தாம் பிறந்தறியாத ஊரை நோக்கிக் கப்பலேறினர். காகிதமில்லா மனிதன் எவ்வளவு உழைத்திருந்தாலும் விருந்தாளியாகவே கருதப்படுவான் என்பதை அன்றே நம் குடும்பங்கள் கண்ணீரோடு கற்றன.

இவ்வளவும் கற்ற நம் கண்ணெதிரே அண்மையில் நடந்ததைக் காண்போம். 2015ஆம் ஆண்டு மே மாதம், கெடாவைச் சேர்ந்த லங்காவித் தீவில், ரொஹிங்கியரும் வங்காளதேசத்தவருமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் படகுகளில் வந்திறங்கினர். பர்மாவினின்று, அதே கடல் வழியே, இருநூறாண்டுகட்குப் பின் வந்த கூட்டம் அது. அவர்கள் சிக் வட்டாரத்துப் பெலந்தேக் தடுப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கடலில் தத்தளித்த மற்றையோர்க்கு ஓராண்டுக்குத் தற்காலிகப் புகல் அளிப்பதாக மலேசியாவும் இந்தோனேசியாவும் அம்மாதம் 20ஆம் நாள் அறிவித்தன. அதே மாதத்திற் பெர்லிஸ் எல்லையிலுள்ள வாங் கெலியான் காட்டில், ஆள் கடத்துவோர் முகாம்களின் அருகே 139 புதைகுழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கு எடுக்கப்பட்ட உடல்களிற் சில, கெடாவின் பொக்கோக் சேனா வட்டாரத்தில் அடக்கஞ் செய்யப்பட்டன. கோல கெடாவில் வாழ இடங்கொடுத்த அதே நாடு, இவர்களுக்குப் புதைய இடங்கொடுத்தது.

உயிரோடு உள்ளோரின் நிலை யாது? மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடு. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையத்திற் பதிவு பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேலாவர். அவருட் பெரும்பாலோர் பர்மாவிலிருந்து வந்தவர். அவ்வாணையம் தரும் அட்டை ஓரளவு காப்பு. ஆயினும் அது குடியிருப்புரிமை ஆகாது. அவர்தம் பிள்ளைகட்கு அரசாங்கப் பள்ளியில் இடம் இல்லாமையால், கோயில்களும் பள்ளிவாசல்களும் சங்கங்களும் வாடகை அறைகளிற் சிறு பள்ளிகளை நடத்தி வந்துள்ளன. அரசாங்க மருத்துவமனையில் அயல்நாட்டார்க்குரிய கட்டணத்திற் பாதி, அட்டை பெற்ற அகதிக்கு விதிக்கப்பட்டு வந்திருக்கின்றது. பாதியென்றாலும் கூலிக்காரனுக்கு அது மலையே.

நம் சிறு பட்டணங்களிலுள்ள கோயிற் சபையொன்று இத்தகைய குடும்பமொன்றை ஏற்று ஆதரிக்கத் துணிந்தால் அதன் கணக்கு எவ்வாறிருக்கும்? முதல் மாதம் அரிசியும் பருப்பும் குவியும். பழந்துணி வேண்டிய மட்டும் சேரும். இரண்டாம் மாதம் வீட்டு வாடகைக்கு உண்டி குலுக்கப்படும். மூன்றாம் மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மருத்துவமனைச் சீட்டோடு யாரேனும் ஒருவர் உடன் செல்ல வேண்டும். அட்டை பெறுவதற்கோ புதுப்பிப்பதற்கோ கோலாலம்பூருக்குப் போய்வரச் செலவு வேண்டும். வழியிற் போலீசார் மறித்தால் பேசுவதற்கு ஆள் வேண்டும். ஆறாம் மாதத்தில், எத்தனை நாளைக்கு இப்படி என்று சபையிலேயே முணுமுணுப்பு எழும். அம்முணுமுணுப்பு தீய நெஞ்சத்தின் குரலன்று. சபையாரிற் பலர் தாமே மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடுவோர். அந்தக் குடும்பத்துத் தந்தைக்கு வேலை செய்ய உரிமையிருந்தால் ஆறாம் மாதத்தில் உண்டியே வேண்டியிராது. தர்மம் களைத்துப் போவதற்குக் காரணம் மக்களின் கல்நெஞ்சம் அன்று. கைகால் உள்ளவனைப் பிச்சையிலேயே வைத்திருக்கும் ஏற்பாடுதான்.

ஆகவே, இத்தொண்டிற் புகுந்துள்ள கோயில்களையும், பள்ளிவாசல்களையும், சங்கங்களையும் மனமாரப் பாராட்டி, ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். கொடுப்பதைப் புண்ணியக் கணக்கில் எழுதாதீர்கள். பெறுவோனைக் கும்பிட்டு நிற்கச் செய்யாதீர்கள். நம் மதத்தில் சேர்வானா என்று பாராதீர்கள். கோல கெடாச் சுல்தான், தம்மிடம் ஒதுங்கியவரைத் தம் மதத்திற் சேரும்படி கேட்கவில்லை. உண்டி குலுக்கும் அதே கையால் மனு ஒன்றும் எழுதுங்கள். வேலை செய்யும் அனுமதி, பிள்ளைக்குப் பள்ளி, பிறந்த குழந்தைக்குப் பதிவு ஆகிய மூன்றையும் சட்டத்தில் ஏற்றும்படி உங்கள் தொகுதி உறுப்பினரைக் கேளுங்கள். ஒரு முறை கேட்டு ஓய்ந்துவிடாதீர்கள்.

வந்தேறிகள் பெருகினால் நம் பிழைப்புக் கெடும் என்போர் நம்முள்ளும் இருக்கின்றனர். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் ரொஹிங்கியரைப் பழித்து எழுந்த கூச்சலில் தமிழ்க் குரலும் கலந்திருந்தது வெட்கத்துக்குரியது. வந்தேறி என்ற சொல்லால் அடிபட்ட முதுகு நம்முடையது. அந்தத் தடியை நாமே கையிலெடுத்தால், அடி என்றேனும் நம்மேல் மீண்டும் விழும். உரிமையற்ற கூலி ஒருவன் இருக்கும் வரை, அவனைக் காட்டியே உரிமையுள்ள கூலியின் சம்பளமும் குறைக்கப்படும். தோட்டத்திற் சம்பளப் புத்தகம் எழுதும் எவரும் இதற்குச் சாட்சி கூறுவர்.

கோல கெடாவின் படகு மக்களும், ஜங் சிலோன் அகதிகளும், சயாமியப் படைக்கு ஓடிய மலாய்க் குடிகளும், துண்டாடப்பட்ட தோட்டத்தின் தமிழரும் ஒரே உண்மையைப் பட்டறிந்தவர்கள். ஒதுங்க இடங்கிடைத்தல் முதற்படி. அந்த இடத்தில் எழுந்து நிற்க உரிமை கிடைத்தல் மறுபடி. முதற்படியில் உதவுதற்கு நல்ல மனம் போதும். மறுபடிக்குச் சட்டம் வேண்டும். சட்டத்தைக் கேட்பதற்கு வாக்குச் சீட்டுள்ள மக்கள் வேண்டும். அச்சீட்டு இன்று நம் கையில் இருக்கின்றது.